ஆற்றில் போட்டு, குளத்தில் தேடி

“சார், மொதல்ல எந்தக் கால் சார்?”

கேட்டவன் ஏழாம் வகுப்பு. 2011 ஜூன், பள்ளி திறந்த இரண்டாவது வாரம். விருத்தாசலத்தில் ஒரு பள்ளியின் சிமெண்டுத் தளத்தில் காலை ஆறு மணிக்குப் பதினேழு பிள்ளைகள் என் எதிரே நின்றிருந்தார்கள். அப்போதுதான் ஒரு லே-அப் போட்டுக் காட்டியிருந்தேன். பந்தைத் தட்டிக்கொண்டே ஓடி, கையில் எடுத்து, இரண்டு எட்டு வைத்து எகிறி, பலகையில் பட்டும் படாமல் மோதவிட்டு வளையத்துக்குள் இறக்குவது. கூடைப்பந்தில் அதுதான் ‘அ’னா. கல்லூரியில் படித்தபோது ஒரு நாளைக்கு நூறாவது போட்டிருப்பேன்.

எந்தக் கால்? வாயைத் திறந்தேன், பதில் வரவில்லை. “இருடா, பார்த்துச் சொல்றேன்” என்று மறுபடி ஓடினேன். வேகமாக ஓடியதால் எனக்கே தெரியவில்லை. மெதுவாக நடந்து பார்த்தேன். மெதுவாக நடந்தால் கால் குழம்புகிறது. மூன்றாம் முறை என் கால் என் காலையே தட்டி, பந்து ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் போனோம். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் வீட்டுக்கு வந்து பல் துலக்கும்போதும் அந்தக் கேள்வி விடவில்லை. பத்து வருடமாகச் செய்த காரியத்தை எப்படிச் செய்கிறேன் என்று எனக்குத் தெரியாது!

நான் பிறந்து வளர்ந்தது இந்த ஊர்தான். வெளியூர்க்காரர்களுக்கு விருத்தாசலம் என்றால் ரயில் சந்திப்பு, பழமலைநாதர் கோயில், அப்புறம் பீங்கான். வீட்டுச் சுவரில் மின் இணைப்புக்கு வெள்ளையாக இருக்குமே ஃபியூஸ் கேரியர், கம்பத்தில் கம்பியைத் தாங்கும் இன்சுலேட்டர், கார்த்திகைக்கு அகல், கொலுவுக்குப் பொம்மை, எல்லாம் எங்கள் தொழிற்பேட்டைச் சூளைகளிலிருந்து புறப்பட்டவை. என் அம்மா இருபத்தைந்து வருடம் பிசிறு எடுக்கும் வேலை பார்த்தவர். அச்சிலிருந்து வரும் பச்சை மண் துண்டின் ஓரத்தில் மெல்லிய பிசிறு நிற்கும். அதைத் தகட்டால் சுரண்டி, ஈரப் பஞ்சால் துடைத்துப் பலகையில் அடுக்க வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு நேரே அந்தக் கொட்டகைக்குத்தான் போவேன். கழித்துப்போட்ட இன்சுலேட்டர்களைப் பொறுக்கி, பழைய பெயிண்டு டப்பாவுக்குள் எறிவதுதான் விளையாட்டு. நான் ஆடிய முதல் கூடைப்பந்து அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

நிஜப் பந்து பள்ளியில் ஒரு உடற்கல்வி ஆசிரியரால் கைக்கு வந்தது. குள்ளமாக இருந்ததால் எனக்குப் ‘பாயிண்ட் கார்டு’ இடம்: பந்தைக் கொண்டுபோய் மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் வேலை. அந்த ஆட்டத்தைப் பார்த்துச் சிதம்பரத்தில் பட்டப்படிப்புக்கு இடம் கிடைத்தது. சேத்தியாத்தோப்பு வழியாகப் பேருந்தில் போய் விடுதியில் இறங்கினேன். 1999இல் சேர்ந்தபோது ஒரு அணி 30 நொடிக்குள் வளையத்தை நோக்கிப் பந்தை எறிந்தாக வேண்டும் என்று விதி. 2000இல் சர்வதேசக் கூடைப்பந்து அமைப்பான ஃபிபா அதை 24 நொடி ஆக்கியது. இருபது நிமிடம் வீதம் இரண்டு பாதி என்றிருந்த ஆட்டத்தைப் பத்து நிமிடம் வீதம் நான்கு கால்பகுதி என்று மாற்றியது. ஆறு நொடி என்ன பெரிய வித்தியாசம் என்று நினைக்கலாம். நிதானமாகப் பந்தைச் சுற்றவிட்டு ஆடிய அணிகள் எல்லாம் திணறிப்போயின. எனக்கு அது கொண்டாட்டம். அவசரக்காரனுக்குச் சாதகமான விதி அது.

கடைசி வருடம் தென்மண்டலப் பல்கலைக்கழகப் போட்டிக்குப் போய் வந்தோம். அதற்கு மேல் போகவில்லை. விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயிலோ வங்கியிலோ வேலை கிடைக்கும் என்று நான்கு இடத்தில் தேர்வுக்குப் போனேன். என்னைவிட ஒரு முழம் உயரமானவர்கள் என் இடத்திலேயே ஆடினார்கள். ஊருக்குத் திரும்பி ஒரு பீங்கான் பட்டறையில் கணக்கு எழுதும் வேலையில் சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆட்டம். 2006இல் ஒரு ஞாயிறு, எகிறி இறங்கும்போது இடது முழங்காலுக்குள் சுள்ளி முறிந்த மாதிரி ஒரு சத்தம். உள்ளே இருக்கும் தசைநார் அறுந்துவிட்டது என்றார் மருத்துவர். மாடிப்படி ஏறலாம், சைக்கிள் மிதிக்கலாம், திடீரென்று திரும்ப மட்டும் கூடாது. கூடைப்பந்தில் திடீரென்று திரும்புவதைத் தவிர வேறு என்ன இருக்கிறது?

ஐந்து வருடம் பந்தையே தொடவில்லை. எனக்குச் சொல்லிக்கொடுத்த அந்த ஆசிரியர் ஓய்வு பெறும்போது பட்டறைக்கு வந்தார். “தம்பி, பசங்க இருக்காங்க, தளம் இருக்கு, வளையம் இருக்கு. காலைல ஒரு மணி நேரம் வந்து நில்லு, போதும்” என்றார். அந்த ‘போதும்’ எவ்வளவு பெரிய பொய் என்று முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சுந்தரர் கதை பாடப்புத்தகத்துக்கு முன்பே தெரியும். எங்கள் ஊரான திருமுதுகுன்றத்து இறைவனிடம் அவர் பன்னிரண்டாயிரம் பொன் வாங்கினார். தூக்கிக்கொண்டு போக முடியாது என்று மணிமுத்தாற்றில் போட்டார். திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொள்ளச் சொல்லி உத்தரவு. ஆற்றில் போட்டுவிட்டுக் குளத்தில் தேடுகிறாரே என்று மனைவி பரவையார் சிரித்தார். இதுவரை எல்லோருக்கும் தெரியும். இடையில் ஒரு விவரத்தை மட்டும் பலர் விட்டுவிடுவார்கள். ஆற்றில் போடும் முன் பொன்னில் ஒரு துணுக்கு வெட்டி மச்சமாக வைத்துக்கொண்டார் சுந்தரர். குளத்தில் பொன் கிடைத்ததும் அதோடு ஒப்பிட்டு உரைத்துப் பார்த்தால், மாற்றுக் குறைந்திருக்கிறது! மறுபடியும் பாடித்தான் பழைய மாற்றுக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது.

என் முதல் வருடம் அப்படித்தான் போயிற்று. சிதம்பரத்தில் போட்டதை விருத்தாசலத்தில் தேடினேன். கிடைக்கத்தான் செய்தது, மாற்றுக் குறைவாக.

லே-அப் கேள்விக்கு விடை கண்டுபிடிக்க மூன்று நாள் ஆயிற்று. பட்டறை முற்றத்தில், ஈர மண் சிந்திக் கிடந்த தரையில் மெதுவாக ஓடிவிட்டு என் காலடித் தடத்தைக் குனிந்து பார்த்தேன். வலது, இடது, மேலே. வலது கையால் போடுகிறவன் இடது காலில் எகிற வேண்டும். வலது முழங்கால் கையோடு சேர்ந்து மேலே வர வேண்டும், வலது கையையும் வலது முழங்காலையும் ஒரே கயிற்றில் கட்டித் தூக்குகிற மாதிரி.

அதைச் சொல்லிக்கொடுத்ததும் பிள்ளைகள் இன்னும் மோசமாக ஆடினார்கள். ஓடுவதா, தட்டுவதா, காலை எண்ணுவதா, பலகையைப் பார்ப்பதா? ஒரே நேரத்தில் நான்கு வேலை. பிறகு தலைகீழாக ஆரம்பித்தேன். முதலில் வளையத்துக்குக் கீழே நின்று, எகிறாமல், பலகையில் இருக்கும் கட்டத்தின் மேல் மூலையில் பந்தை வைப்பது மட்டும். அது படிந்த பிறகு ஒரு எட்டு: இடது காலை வைத்து எகிறு. பிறகு இரண்டு எட்டு. பிறகு ஒரு தட்டு. கடைசியில்தான் ஓட்டம். முடிவிலிருந்து தொடக்கத்துக்கு வந்தால், ஒவ்வொரு புதிய எட்டும் ஏற்கெனவே தெரிந்த இடத்தில் போய் முடியும். பிள்ளைக்குப் பயம் வராது. இதை நான் கண்டுபிடித்ததாக நினைத்துப் பெருமைப்பட்டேன். பயிற்சியாளர்கள் எல்லோருக்கும் தெரிந்த முறைதான் அது என்பது அடுத்த வருடம் தெரிந்தது.

அடுத்த வருடம் பாட்டியாலா போனேன். அங்கே 1961இல் தொடங்கிய தேசிய விளையாட்டு நிறுவனத்தில் பயிற்சியாளர் ஆவதற்கு இரண்டு வழி. ஒரு வருடப் பட்டயம் ஒன்று. ஆறு வாரச் சான்றிதழ் இன்னொன்று. பட்டறை முதலாளி ஆறு வாரத்துக்கே முகத்தைச் சுளித்தார். மே மாதப் பஞ்சாப் வெயில் நம் கத்திரியை நிழல் என்று சொல்ல வைத்துவிட்டது. அங்கே தினமும் ஒருவர் பத்து நிமிடம் பாடம் நடத்த வேண்டும், மற்றவர்கள் பிள்ளைகளாக நின்று கேட்க வேண்டும். என் முறை வந்தபோது பாஸ் சொல்லிக்கொடுத்தேன். முடிந்ததும் ஆசிரியர் கேட்டது ஒன்றே ஒன்று: இந்தப் பத்து நிமிடத்தில் பந்து எத்தனை நிமிடம் மாணவர்கள் கையில் இருந்தது? மூன்று நிமிடம்கூட இல்லை. மீதி நேரம் என் வாயில் இருந்தது.

அங்கேதான் நெய்ஸ்மித் கதையும் கேட்டேன். 1891இல் அமெரிக்காவின் ஸ்ப்ரிங்ஃபீல்டில், பனிக்காலத்தில் அடைந்து கிடக்கும் மாணவர்களுக்காகப் பழக்கூடையை உடற்பயிற்சிக் கூடத்துப் பால்கனியில் மாட்டி இந்த ஆட்டத்தை உண்டாக்கியவர். பின்னால் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் அணியை நடத்தினார். அவருடைய கணக்கு 55 வெற்றி, 60 தோல்வி. அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆண்கள் கூடைப்பந்துப் பயிற்சியாளர்களிலேயே வெற்றியைவிடத் தோல்வி அதிகம் கண்டவர் ஆட்டத்தைப் படைத்த அவர் ஒருவர்தான்! இதைச் சொல்லிக்கொடுக்க எல்லாம் முடியாது, ஆட மட்டும்தான் முடியும் என்பது அவர் கட்சி. அவரிடம் ஆடிய ஃபாக் ஆலன் அதை ஒப்புக்கொள்ளவில்லை. பயிற்சியாளராகவே வாழ்ந்து, கூடைப்பந்துப் பயிற்சியின் தந்தை என்று பெயர் வாங்கினார். நம் பக்கம் உடற்கல்வி வந்ததும் அந்த ஸ்ப்ரிங்ஃபீல்டு வழியில்தான். அங்கே படித்த ஹாரி க்ரோ பக் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். ஆடுகிறவன் வேறு, ஆட வைக்கிறவன் வேறு என்று ஆட்டம் பிறந்த வீட்டிலேயே வழக்கு நடந்திருக்கிறது என்று தெரிந்ததில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

இன்னொன்றும் சொன்னார்கள். ஜான் உடன் என்று ஒருவர். லாஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழக அணிக்குப் பத்து முறை தேசியக் கோப்பை வாங்கித் தந்தவர். அவருடைய கடைசிப் பருவமான 1974–75இல் இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் பயிற்சி நேரத்தில் ஓரமாக உட்கார்ந்து, அவர் வாயிலிருந்து வருவதை எல்லாம் வகை பிரித்து எண்ணினார்கள். முக்கால் பங்கு, இதை இப்படிச் செய் என்கிற சிறு சிறு விவரம். பாராட்டும் கொஞ்சம், திட்டும் கொஞ்சம். அதே மனிதர் பருவத்தின் முதல் நாள், கால் கொப்புளம் வராமல் காலுறையை எப்படிச் சுருக்கமில்லாமல் போடுவது என்று கல்லூரிப் பையன்களுக்கு உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பாராம்.

ஊருக்கு வந்ததும் கணுக்கால் சுளுக்கி உட்கார்ந்திருந்த ஒரு பையனிடம் நோட்டைக் கொடுத்தேன். “நான் பேசறதை எல்லாம் மூணு கட்டமா பிரிச்சுக் கோடு போடுடா. சொல்லிக்கொடுத்தா ஒண்ணு, திட்டினா ஒண்ணு, மத்ததெல்லாம் ஒண்ணு.” ஒரு மணி நேரம் கழித்துத் தயங்கித் தயங்கி நீட்டினான். திட்டுக் கட்டத்தில் இடம் போதாமல் மறுபக்கம் போயிருந்தது. ‘மத்ததெல்லாம்’ கட்டத்தில் பாதி, “நாங்கல்லாம் சிதம்பரத்துல ஆடறப்போ” என்று தொடங்கியவை. அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

சொல்லத் தெரியாதது ஒரு குறை என்றால், பார்க்கத் தெரியாதது அடுத்த குறை. ஆடுகிறவன் பந்தைப் பார்ப்பான். பயிற்சியாளன் பந்து இல்லாத இடத்தைப் பார்க்க வேண்டும். தளத்தையும் பார்க்க வேண்டும். முதல் வருடம் மழைக்குப் பின் பள்ளியில் வெடித்த தளத்தின் மேல் புதிதாக சிமெண்டு போட்டுக் கொடுத்தார்கள். பிள்ளைகள் திடீரென்று நன்றாக எறிய ஆரம்பித்தார்கள். என் பயிற்சிதான் காரணம் என்று நான் மெதப்பில் இருந்தேன். குறுவட்டப் போட்டி உள்ளூர்த் தளத்திலேயே நடந்தது, ஜெயித்தோம். மாவட்டப் போட்டிக்குக் கடலூர் போனோம். எறிந்தது எல்லாம் வளையத்தின் முன்விளிம்பில் மோதித் திரும்பியது. ஒன்று இரண்டல்ல, எல்லாமே. ஒரு பாதி முழுக்க ஆறே புள்ளி.

திரும்பி வந்து, பட்டறையில் சூளைத் தட்டு அளக்கும் டேப்பை எடுத்துப்போய் அளந்தேன். தளத்திலிருந்து வளையத்தின் மேல்விளிம்பு 3.05 மீட்டர் இருக்க வேண்டும். நெய்ஸ்மித் மாட்டிய கூடையின் பத்தடி உயரம்தான் அது, இன்றுவரை மாறவில்லை. எங்கள் வளையம் 2.94. தளம் உயர்ந்தது, கம்பம் அப்படியே நின்றது. பதினொரு சென்டிமீட்டர் குறைவான உலகத்தில் நான்கு மாதம் பிள்ளைகளைப் பழக்கியிருக்கிறேன். தப்பான பழக்கம் எவ்வளவு சுத்தமாகப் படியும் என்று அன்றைக்குத்தான் கண்டேன். தரையில் கோடுகளும் பழைய அளவில்தான். 2010இல் ஃபிபா மூன்று புள்ளிக் கோட்டை 6.25இலிருந்து 6.75 மீட்டருக்குத் தள்ளி, வளையத்துக்குக் கீழே சரிவாக இருந்த பகுதியை நீள்சதுரம் ஆக்கியிருந்தது. நாங்கள் என் கல்லூரிக் காலத்துக் கோட்டுக்குள்ளேயே ஆடிக்கொண்டிருந்தோம். அந்த ஞாயிற்றுக்கிழமை சுண்ணாம்பும் கயிறும் எடுத்துக்கொண்டு போய் நானும் நான்கு பிள்ளைகளும் புதுக் கோடு போட்டோம். வெல்டிங்காரரைக் கூப்பிட்டு வளையத்தை உயர்த்தினோம். இப்போதும் எந்த ஊர்த் தளத்துக்குப் போனாலும் நான் முதலில் பையிலிருந்து எடுப்பது டேப்புதான்.

இவ்வளவும் சரி செய்துகொள்ளக்கூடிய பிழைகள். செய்ததை நினைத்தால் இன்னும் கூசுகிற பிழை ஒன்று உண்டு.

2013இல் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி வந்து சேர்ந்தாள். பொம்மைப் பட்டறையில் வேலை செய்யும் தாய்க்கு ஒரே மகள். நல்ல உயரம், நல்ல வேகம், பந்தைப் பிடிக்கும் கை. ஆனால் லே-அப்பில் மட்டும் கால் பின்னியது. “வலது, இடது, மேலே” என்று நான் எண்ண எண்ண அவள் தடுக்கி விழுந்தாள். ஒரு மாதம் பார்த்தேன். நான்கு சுவருக்கும் கேட்கும்படி, “உனக்கு ரெண்டு காலும் ரெண்டு வீட்டுப் பிள்ளைங்க மாதிரி போகுது” என்று சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். மறுநாளிலிருந்து கடைசி வரிசையில் நின்றாள்.

சில நாள் கழித்து மாலையில் பட்டறை விட்டு வரும்போது, ஆற்றங்கரைப் பாதையில் புளியமரத்தடியில் அவளைப் பார்த்தேன். தோழிகளோடு புளியங்காய் அடித்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் எறிந்த கல் இலைக்குள் போய் விழுந்தது. இவள் எறிந்தது ஒவ்வொன்றும் காம்பைத் தொட்டது. சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றேன். இடது கை! காலை வைத்த முறையும் அப்பழுக்கில்லை. வலது காலை முன்னே ஊன்றி, இடது தோளைத் திருப்பி எறிந்தாள்.

அவள் எழுதுவது வலது கையால், சாப்பிடுவது வலது கையால். நம் வீடுகளில் பீச்சாங்கையை நீட்டினால் சிறு வயதிலேயே ஒரு அடி விழும். அந்த அடிக்குப் பயந்து மாற்றிக்கொண்டவள் அவள். கல்லெறிவதை மட்டும் யாரும் திருத்தவில்லை, அது மட்டும் அவளுடையதாகவே இருந்தது. இடது கைக்காரிக்குக் கணக்கு நேர் எதிர்: இடது, வலது, மேலே. நான் ஒரு மாதம் கண்ணாடியில் தெரிகிற உருவத்தை அவளுக்குப் பாடமாக நடத்தியிருக்கிறேன்.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். அம்மாவுக்குக் கூடைப்பந்து தெரியாது, எனக்கு எத்தனை புள்ளி என்றுகூடக் கேட்டதில்லை. அவர் சொன்னது பொம்மை அச்சைப் பற்றி. பாரிஸ் சாந்தில் செய்த அச்சுக்குள் மண் குழம்பை ஊற்றினால் அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், ஓரத்தில் மண் தோல் கட்டும். மிச்சக் குழம்பைக் கவிழ்த்துவிட்டு உலரவிட்டால் பொம்மை கழன்று வரும். ஒரே அச்சில் ஊற்றிக்கொண்டே இருந்தால் அச்சு தேயும். பிள்ளையார் கண் மங்கும், மூக்கு மழுங்கும். “ஒரே அச்சுல எத்தினி நாளைக்குடா ஊத்துவே? அதுவும் உன் அச்சு ஏற்கெனவே முழங்கால்ல ஓட்டை” என்றார்.

உண்மைதான். ஒவ்வொரு பிள்ளைக்குள்ளும் நான் என்னைத்தான் வார்த்துக்கொண்டிருந்தேன். 1999இல் ஆடிய குள்ளமான, வலது கைக்கார, அவசரக்காரப் பையனை. நான் ஆட முடியாமல் போன மிச்ச ஆட்டத்தை இவர்கள் ஆடித் தீர்க்க வேண்டும் என்று எனக்குள் ஒரு கணக்கு ஓடியிருக்கிறது. தடுக்கி விழுந்த பிள்ளைமேல் எனக்கு அவ்வளவு கோபம் வந்ததற்கும் அதுதான் காரணம்.

மறுநாள் எல்லோர் முன்னாலும் அவளிடம் சொன்னேன். “நான் சொன்னது தப்பும்மா. கணக்கு எனக்குத் தெரியல. உன் கால் சரியாத்தான் இருக்கு.” எல்லோர் முன்னாலும் திட்டியதை எல்லோர் முன்னாலும்தான் திரும்பப் பெற வேண்டும். இடது, வலது என்று மாற்றி எண்ணினோம். இரண்டாவது முயற்சியிலேயே பந்து பலகையைத் தொட்டு உள்ளே விழுந்தது. அன்றிலிருந்து பருவத்தின் முதல் வாரம் நான் யாருக்கும் எதையும் சொல்லிக்கொடுப்பதில்லை. ஓடவிட்டு, எறியவிட்டு, எகிறவிட்டுப் பார்ப்பேன். நோட்டில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எந்தக் கை, எகிறுவது எந்தக் கால், பந்து வந்தால் கண் எங்கே போகிறது என்று குறிப்பேன்.

எறிவதில் இன்னும் எனக்குப் பிடித்த முறை ஒன்று உண்டு: முழங்கை பந்துக்கு நேர் கீழே, மணிக்கட்டு கடைசியில் தொங்க வேண்டும். ஆனால் ஒரு பையன் முழங்கையை வெளியே தள்ளி எறிந்து, ஃப்ரீ த்ரோவில் பத்துக்கு எட்டுப் போடுகிறான் என்றால் நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்கப் பழகிக்கொண்டேன். அதற்குச் சொல்லிக்கொடுப்பதைவிட அதிகப் பயிற்சி தேவைப்பட்டது.

சேர்ப்பது சுலபம், கழிப்பதுதான் கஷ்டம். போட்டி அணியில் பன்னிரண்டு பேருக்குத்தான் இடம். பதிமூன்றாவது பிள்ளையிடம் என்ன சொல்வது என்று எந்தப் பாட்டியாலாவிலும் கற்றுத்தருவதில்லை. ஆரம்பத்தில் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டு ஓடிவிடுவேன். ஒரு வருடம் அப்படி விடுபட்ட ஒன்பதாம் வகுப்புப் பையன் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய் என்மேல் பிராது கட்டிவிட்டான். எங்கள் பக்கத்தில் களவு போனால், கடன் திரும்பாவிட்டால், பங்காளி ஏமாற்றினால் கொளஞ்சியப்பரான முருகனுக்குத் தாளில் முறையீடு எழுதி முனியப்பர் சன்னிதியில் கட்டுவார்கள். கூடைப்பந்துப் பயிற்சியாளன்மேல் கட்டப்பட்ட பிராது அதுவாகத்தான் முதலாவதாக இருக்கும். அவன் பாட்டி வந்து பதறிக்கொண்டே சொன்னார்: “சாரு, சின்னப் புள்ள தெரியாம கட்டிட்டான், மனசுல வச்சிக்காதீங்க.”

பையனைக் கூப்பிட்டு, என்ன எழுதினாய் என்று கேட்டேன். “ஏன் எடுக்கலன்னு சொல்லவே இல்லன்னு எழுதினேன் சார்.” அணியில் சேர்க்கச் சொல்லி அவன் கேட்கவில்லை. காரணம்தான் கேட்டிருக்கிறான். முருகனிடம் போய்க் கேட்க வேண்டிய கேள்வியா அது? அதிலிருந்து பட்டியல் ஒட்டுவதில்லை. விடுபட்ட ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்து, எது குறை, அதைச் சரிசெய்ய என்ன பயிற்சி, அடுத்த தேர்வு எப்போது என்று மூன்றையும் சொல்லிவிடுவேன். அந்தப் பையன் அடுத்த வருடம் அணிக்கு வந்தான். பிராதைத் திரும்பப் பெற நானும் கூடப் போனேன்.

எனக்குக் கடைசியாகப் படிந்த பாடம் உட்கார்ந்திருப்பது. ஆட்டம் நடக்கும்போது பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பழைய ஆட்டக்காரனின் உடம்பு பொய் சொல்லும். பந்து பறிபோனால் தொடை துடிக்கும், நானே ஓடிப்போய்ப் பிடித்துவிடலாம் போலிருக்கும். ஓட முடியாத காலால் எல்லாம் வாய்க்கு ஏறும். முதல் பாதியில் இரண்டு, இரண்டாம் பாதியில் மூன்று டைம்-அவுட், ஒவ்வொன்றும் 60 நொடி. அந்த 60 நொடியில் ஏழு விஷயம் சொல்வேன். ஒரு குறுவட்ட இறுதி ஆட்டத்தில், இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தபோது எங்கள் பெண்கள் அணித் தலைவி மூச்சு வாங்கிக்கொண்டே கையை உயர்த்தினாள். “சார், யாரு யாரைப் பிடிக்கணும், அதை மட்டும் சொல்லுங்க.” சொன்னேன். இன்னும் நாற்பது நொடி மிச்சம் இருந்தது. அதில் அவர்கள் தண்ணீர் குடித்தார்கள். அன்று தோற்றோம், ஒரே புள்ளியில். ஆனால் அந்த நாற்பது நொடியை அதற்குப் பிறகு நான் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டதே இல்லை.

இந்தத் தொழிலில் வருமானம் உண்டா என்று கேட்பவர்களுக்கு: இன்றும் பகலில் பட்டறைக் கணக்குதான் சோறு போடுகிறது. பள்ளி தரும் மதிப்பூதியம் பந்துக்கும் வலைக்கும் சரியாகப் போகும். வலை இல்லாத வளையத்தில் பழகக் கூடாது. பந்து உள்ளே போனதா, வெளியே உரசியதா என்று கண்ணுக்கும் காதுக்கும் சொல்வது வலைதான். மழையில் இற்றுப்போகும், நைலான் கயிறு வாங்கி நானே முடிவேன். பெண்களுக்கு 6ஆம் எண் பந்து, ஆண்களுக்கு 7ஆம் எண். ஒரே பந்தில் இருவரையும் பழக்கினால் பெண் பிள்ளைகளின் எறிதல் கெடும். இதற்காக இரண்டு வருடம் கெஞ்சித் தனிப் பந்து வாங்கினேன்.

பெண் பிள்ளைகளின் ஆட்டத்தைப் பத்தாம் வகுப்போடு நிறுத்திவிடுவார்கள். “வயசுக்கு வந்த பொண்ணு, கால்சட்டை போட்டுக்கிட்டு” என்று தொடங்கும் பேச்சுக்கு என்னிடம் பதில் இருந்ததில்லை. 2021இல் சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரைக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். ஏறத்தாழ 18 ஆண்டுகள் இந்திய அணிக்கு ஆடியவர், அணித் தலைவியாக இருந்தவர், குழந்தை பெற்ற பிறகும் தளத்துக்குத் திரும்பியவர், அதன் பின் பயிற்சிப் பக்கம் வந்தவர். நாளிதழில் வந்த படத்தை வெட்டி எடுத்துக்கொண்டு நான்கு வீடுகளுக்குப் போனேன். மூன்று வீடுகளில் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஒரு வீட்டில் மட்டும் தாய் படத்தைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார். “ரயில்வேல வேலையாங்க?” என்று கேட்டார். “ஆமாங்க.” மறுநாள் அந்தப் பிள்ளை வந்தாள்.

புளியங்காய் அடித்தவள் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆடினாள். மாநில அணி வரை எல்லாம் போகவில்லை. மண்டலப் போட்டியோடு சரி. உடற்கல்விப் பட்டம் முடித்துவிட்டு, பக்கத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறாள். சென்ற ஜூனில், “ஒரு நாள் வந்து பாருங்க சார்” என்று கூப்பிட்டாள். டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். வளையம் 3.05 இருந்தது.

இருபது சின்னப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். பந்துக் கூடை ஓரத்தில் பூட்டியே கிடந்தது. அவள் ஒரு சிமெண்டுச் சாக்கை அவிழ்த்துத் தரையில் கொட்டினாள். பட்டறையில் கழித்துப்போட்ட உருண்டை இன்சுலேட்டர்கள், ஓரம் மழுங்கியவையாகப் பார்த்துப் பொறுக்கி வைத்திருக்கிறாள். பத்தடி தள்ளி ஒரு பெயிண்டு டப்பா.

“ஆளுக்கு அஞ்சு எடுத்துக்கோங்க. எப்படி வேணாலும் எறியுங்க.”

ஒரு பையன் என்னிடம் வந்தான். “சார், எந்தக் கை சார்?”

நான் வாயைத் திறந்தேன்.

“சார்,” என்றாள் அவள், நோட்டில் எழுதிக்கொண்டே, தலையைத் தூக்காமல், “நீங்க கொஞ்சம் பேசாம இருங்க.”